அறுநூறு பக்கமும் ஒரு வால்வும்

போன வாரம் சின்ன மருமகளைத் தலைகால் புரியாத சந்தோஷத்தில் விட்டுவிட்டு வந்தோம். பிரஷர் குக்கர் ரிப்பேர் கடைக்கு அறுநூறு பக்கத்தில் வெப்சைட் வந்துவிட்டது. சாலைக்கு எதிர்ப்பக்கம் அதே தொழிலை நடத்தும் அவள் மூத்தாருக்கு, அதாவது கணவரின் அண்ணனுக்கு, வெறும் முந்நூறு பக்கம்தான். மாமனார் போன கையோடு ஒரே கடை இரண்டாகி, அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. பேச்சு நின்றால் என்ன, ஒருவர் கடையில் பல்பு மாற்றினால்கூட மற்றவருக்குத் தெரிந்துவிடும்.

அவள் கணவர், கடைத்தெருவுக்கே 'சின்னவர்', இந்த அறுநூறுக்கு முதலிலிருந்தே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு பக்கம் போதும் என்றார். கடையின் படம், போன் நம்பர், 'உங்கள் குக்கர் மூடியைப் படம் எடுத்து அனுப்புங்கள்' என்று ஒரு வரி. கை பழகிய சாமான் முப்பது நாற்பது இருக்கும், பழகாததற்கு எதற்குப் பக்கம் என்று கேட்டார். மருமகளின் தம்பிக்கு வீட்டில் 'கம்ப்யூட்டர்' என்றுதான் பெயர். அவன் அத்தானைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவர் காது சிவந்துவிட்டது. பக்கம் அதிகம் இருந்தால்தான் தேடுகிறவர்கள் கண்ணில் படுவோம் என்பது அவன் கட்சி. அவளும் தம்பி பக்கம் சாய்ந்தாள். மூத்தாருக்கு முந்நூறு என்றால் தனக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

சாமானுக்கு ஒரு விளக்கம் அவள் எழுதினாள். குக்கரின் பெயரையும் லிட்டரையும் மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு அறுநூறையும் ஒரே வாரத்தில் நிரப்பினான் தம்பி. சின்னவரைச் சரிபார்க்கச் சொன்னார்கள். முதல் பத்தைப் பார்த்தார், மீதிக்குத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். முறுக்கிக்கொண்டிருக்கும் புருஷன் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? தெரியும். வசதியாக மறந்துவிட்டாள்.

இன்று காலை அந்த மறதிக்குத்தான் வேட்டு வந்தது.

கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சின்னவர் பின்னறையில் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார். தம்பி மாடியில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தான். கேன்டீன் நடத்தும் ஒருவர் வந்து சேஃப்டி வால்வு ஒன்று கேட்டார். அவள் டப்பாவை இழுத்து மூடியைத் திறந்துகொண்டிருக்கும்போதே வாய் தன்பாட்டுக்கு, "எத்தனை லிட்டர்?" என்றது.

"இருபத்திரண்டும்மா. பெருசு."

டப்பாவுக்குள் போன கை அப்படியே நின்றுவிட்டது.

இந்த இடத்தில் அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கடையில் சாமான் எல்லாம் மரையின் அளவைப் பார்த்துத்தான் டப்பாவில் விழும். மரை என்றால் திருகும் பகுதி. எது எந்தத் துளையில் ஏறுமோ அவை எல்லாம் ஒரு டப்பா. மாமனார் செய்துவைத்த ஏற்பாடு. இரண்டு கடையிலும் இன்றுவரை அதுதான். வீட்டுக் குக்கர் வால்வும் கேன்டீன் குக்கர் வால்வும் ஒரே மரை, ஆகவே ஒரே டப்பா. பார்க்கவும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். பெரியதன் அடியில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி.

ஆனால் வேலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். குக்கருக்குள் ஆவி எல்லை மீறினால் வால்வின் நடுவிலுள்ள ஈயம் உருகி வழிவிட வேண்டும். சின்னது சீக்கிரம் உருகும். பெரியது லேசில் உருகாது. வீட்டுக் குக்கரில் பெரியதை மாட்டினால் அழகாகப் பொருந்தும், விசில் அடிக்கும், மாதக்கணக்கில் ஒரு தொந்தரவும் இருக்காது. என்றைக்காவது வெயிட்டின் துவாரம் அடைத்துக்கொண்டால் வால்வு உருகுவதற்கு முன்னால் மூடி போய்விடும்.

அதனால்தான் கல்லாவில் நிற்பவர் யாராக இருந்தாலும் முதலில் லிட்டர் கேட்பார்கள். கேட்கிறோம் என்பதே தெரியாமல் கேட்பார்கள். டப்பா பாதி வேலைதான் செய்யும், மீதியைக் கேள்வி செய்யும்.

அந்தக் கேள்வி வெப்சைட்டில் இல்லை.

அவள் எழுதிய வரி அவள் கண்முன் வந்து நின்றது. 'இந்த வால்வு உங்கள் குக்கருக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.' எல்லாக் குக்கருக்கும் பொருந்தும்தான். மரை ஒன்றல்லவா! எழுதும்போது டப்பாவைப் பார்த்து எழுதினாள். டப்பாவில் ஒன்றாகக் கிடந்ததைப் பக்கத்திலும் ஒன்றாகவே போட்டாள்.

கேன்டீன்காரருக்கு உரியதைக் கொடுத்து அனுப்பினாள். பொட்டலம் கட்டும்போது காகிதம் இரண்டு முறை நழுவியது. அவர் போனதும் டப்பாவைக் கல்லாமேல் கவிழ்த்தாள். போன மாதம் பெரிய வால்வு ஒரு பை நிறைய வந்து டப்பாவில் கொட்டியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கடையில் பெரிய வால்வு கேட்டு வந்த முதல் ஆள் இன்று காலை வந்தவர்தான். ஆனால் சிவப்புப் புள்ளிகளில் ஒரு பிடி குறைந்திருந்தது.

மாடிப்படி வரை போய்த் தம்பியைக் கூப்பிட்டாள். கையில் பசை நாடாவோடு இறங்கி வந்தான்.

"வால்வுக்கு ஆர்டர் வந்தா எதுலேர்ந்து எடுக்கிற?"

"டப்பாலேர்ந்துதான்க்கா. ஏன்?"

"அடியில புள்ளி இருக்கா இல்லையான்னு பாத்து எடுத்தியா?"

"புள்ளியா? எந்தப் புள்ளி?"

அவள் சுவரைப் பார்த்தாள். அங்கே ஆணியில் ஒரு குக்கர் மூடி தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு டீக்கடையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன மூடி. காய்ந்த இலையைப்போல மடிந்து சுருண்டிருக்கும். வாடிக்கையாளர்கள் கஞ்சத்தனம் பண்ணி வால்வை மாற்றாமல் இருந்தால் மாமனார் அதைத்தான் காட்டுவாராம். இத்தனை வருஷமாக அதற்குத் தூசி தட்டியிருக்கிறாள். ஒரு நாளும் அதைப் பார்த்துப் பயந்ததில்லை.

சின்னவர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னாள். திட்டுவார், பத்து நாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கல்லாமேல் கிடந்த வால்வுகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நானும் பாத்திருக்கணும்" என்றார். "பத்தோட நிறுத்திட்டேன்."

தம்பி சட்டென்று கம்ப்யூட்டரைத் திறந்தான். வால்வு சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டும் எடுத்துவிட்டால் போதும், மற்றதைத் தொட வேண்டியதில்லை என்றான். பக்கத்தைக் குறைத்தால் தேடலில் பின்னால் தள்ளப்பட்டுவிடுவோம், திரும்ப மேலே வர மாதக்கணக்கில் ஆகும் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனான். பயத்தில் இருக்கிறவன் தனக்குத் தெரிந்ததைத்தான் பேசுவான்.

"மத்த பக்கமெல்லாம் சரின்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா."

"எனக்கும் தெரியாது. நான்தான் எழுதினேன், எனக்கே தெரியாது. யாராவது போன் பண்ணி இதை மாட்டலாமான்னு கேட்டா, எந்தப் பக்கத்துக்கு நான் பதில் சொல்ல முடியுமோ அந்தப் பக்கம் மட்டும் இருந்தா போதும்."

"அப்படிப் பாத்தா முப்பதுகூடத் தேறாதேக்கா."

"தேறுறது தேறட்டும். இப்ப எல்லாத்தையும் இறக்கு."

ராப்பகலாக ஒரு வாரம் கண் விழித்து ஏற்றியது. இறக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கடையின் படமும் போன் நம்பரும் மட்டும் மிஞ்சின. அதன் கீழே, 'எத்தனை லிட்டர் குக்கர்? மூடியைப் படம் எடுத்து அனுப்புங்கள்' என்று தம்பி அடித்தான். சின்னவர் கேட்ட பக்கம் அதுதான். அவர் அதைப் பார்த்தாரே தவிர, 'அப்பவே சொன்னேன்' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. சாதாரண நாளாக இருந்தால் சும்மா விட்டிருப்பாரா?

வால்வு வாங்கியவர்கள் ஏழெட்டுப் பேர். மூவரும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். ஒருவர் இன்னும் பார்சலைப் பிரிக்கவே இல்லை என்றார். அவரை ஆசீர்வதிக்கத் தோன்றியது. இன்னொருவர், 'முதல்ல நீ யாருன்னு சொல்லு, ஏமாத்துக்காரனா' என்று தம்பியிடம் எகிறினார். வால்வைக் கழட்டுங்கள் என்று ஒருவன் போனில் கெஞ்சினால் யார்தான் நம்புவார்கள்? ஒரு அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நேற்றுதான் மாட்டியதாகவும் இனி சட்டியிலேயே சமைத்துக்கொள்வதாகவும் சொன்னார். ஒவ்வொரு அழைப்பு முடியும்போதும் போன உயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

மதியத்துக்குள் எல்லாரையும் பிடித்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. தையல்காரம்மா ஒருவர். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வீடு இதே ஊரில்தான், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்.

"நீ கடையில இருந்து அடிச்சிட்டே இரு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுச் சின்னவர் ஸ்கூட்டரை எடுத்தார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

மதியச் சமையல் நேரம். போகிற வழியெல்லாம் ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒரு விசில் சத்தம் வந்தது. என்றைக்கும் காதில் விழாத சத்தம் இன்று ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது. கணவரின் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நாலு மாடிக் கட்டடம். மூன்றாவது மாடி. கதவுக்குப் பின்னால் தையல் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. போன் ஏன் கேட்கவில்லை என்பது புரிந்தது. அழைப்பு மணியும் கேட்கவில்லை. சின்னவர் கதவை உள்ளங்கையால் அறைந்தார்.

தோளில் இஞ்ச் டேப் தொங்க ஒரு நடுவயதுப் பெண் கதவைத் திறந்தார்.

"குக்கர் கடையிலேர்ந்து வரோம்மா. அடுப்புல குக்கர் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"எத்தனை விசில் வந்துச்சு?"

"அதைத்தான் நானும் நினைச்சிட்டிருந்தேன். வெச்சு எவ்வளவோ நேரமாச்சு, ஒண்ணுகூட வரல."

சின்னவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவரை இடித்துக்கொண்டு உள்ளே போனார். அவள் பின்னாலேயே ஓடினாள். சின்ன சமையலறை. அடுப்பு முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் குக்கர் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. வெயிட் அசையவில்லை. ஆவி ஒரு இழைகூட வெளியே வரவில்லை. கைப்பிடி மட்டும் லேசாக, விடாமல், கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டி அடுப்பை அணைத்தார். குக்கரைத் தொடவில்லை. "வெளிய. எல்லாரும் வெளிய" என்றார். அவர் குரல் அப்படி அடங்கி அவள் கேட்டதில்லை.

மூவரும் மாடிப்படியில் போய் நின்றார்கள். தையல்காரம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சின்ன மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தன் கடை, தன் வெப்சைட், தான் எழுதிய வரி என்று ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. மெஷினுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு அட்டைத் தடுப்புதான் என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

குக்கர் முழுக்க ஆறிய பிறகு சின்னவர் உள்ளே போய் மூடியைத் திறந்து எடுத்து வந்தார். வெயிட்டின் துவாரத்தில் ஒரு பருப்புத் தோல் ஒட்டி அடைத்திருந்தது. வால்வைக் கழற்றித் திருப்பினார். சிவப்புப் புள்ளி.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசி ஆளையும் பிடித்தாயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தையல்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். நாளைக்கே புதுக் குக்கரோடு வருகிறேன் என்றாள்.

அவர் குறுக்கிட்டார். "உங்க கடைப் பேரு என்ன சொன்னீங்க?"

சொன்னாள்.

"அப்ப உங்க பார்சல் இது இல்லையே. உங்களது காலையிலதான் வந்துச்சு. இன்னும் பிரிக்கவே இல்ல." உள்ளே போய் ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். தம்பியின் பசை நாடா அப்படியே இருந்தது. "மூடியில இருக்கிறது வேற இடத்துல வாங்கினது. ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி எழுதியிருந்துச்சா, ரெண்டும் ஒரே சாமான்னு நினைச்சேன். எது முதல்ல வருதோ அதை மாட்டிக்கலாம், இன்னொண்ணு கையிருப்பா இருக்கட்டும்னு ரெண்டுலயும் போட்டு வெச்சேன்."

போனைத் தேடி எடுத்துக் காட்டினார். தம்பி அழைத்த அழைப்புகள் வரிசையாக நின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்தார்.

'இந்த வால்வு உங்கள் குக்கருக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.'

அவளுடைய வரி. மேலே வால்வின் படம். அதைப் பிடித்திருந்த கட்டைவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு. அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். ஆனால் பக்கத்தின் தலையில் இருந்தது மூத்தார் கடையின் பெயர்.

இவர்கள் பக்கங்களை மூத்தார் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அறுநூறையும். கூடவே தன் முந்நூறும் இருக்கிறது. அங்கேயும் அதே டப்பா, அதே மரை. அங்கேயும் கேள்வி கல்லாவில் மட்டும்தான்.

"அண்ணன் வெளியூருக்கெல்லாம் அனுப்புறார்" என்றார் சின்னவர்.

திரும்பும்போது கேட் திறந்திருந்தது. அவர் தன் கடை வாசலில்தான் ஸ்கூட்டரை நிறுத்தினார், பழக்க தோஷம். இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். போனில் சொன்னால் போதாதா என்றார். அண்ணன் தன் எண்ணைப் பார்த்தால் எடுக்க மாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும். இதைக் கேட்டதும் தெரு முழுக்கச் சொல்லிவிடுவார், இந்தக் கடையில் வாங்கினால் உயிர் போகும் என்று சொல்லிவிடுவார், பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்றார். எல்லாம் உண்மைதான். அவளுக்கும் அதே பயம். ஆனால் அந்தச் சத்தமில்லாத குக்கரின் பயம் இதைவிடப் பெரியதாக இருந்தது.

"சொல்லட்டும்" என்றாள். கைக்குட்டையில் முடிந்த வால்வோடு சாலையைக் கடந்தாள்.

மூத்தார் கல்லாவில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. வா என்று சொல்லவில்லை.

"மாமா, வால்வு பக்கத்தை உடனே எடுத்துடுங்க. அது தப்பு."

அவர் சிரித்தார். "காலையில ஒங்க பக்கமெல்லாம் காணாமப் போச்சேன்னு பாத்தேன். இப்ப என்னோடதையும் எடுக்கச் சொல்றியா? நல்லாருக்கே கதை."

அவள் கைக்குட்டையைப் பிரித்து வால்வைக் கல்லாமேல் வைத்தாள், புள்ளி மேலே தெரியும்படி.

"பெருசு" என்றார் அவர். "அதுக்கென்ன?"

"வீட்டுக் குக்கர்லேர்ந்து கழட்டிட்டு வரேன். அஞ்சு லிட்டர். உங்க பார்சல்ல போனது. வெயிட் அடைச்சிருந்துச்சு. நாங்க போகலேன்னா…" வால்வை அவர் பக்கம் தள்ளினாள். "எத்தனை லிட்டர்னு கேட்டு அனுப்பினீங்களா மாமா?"

சிரிப்பு அவர் முகத்தில் நின்றபடியே செத்துப்போனது. வால்வை எடுத்தார், கீழே வைத்தார். கல்லாவுக்கு அடியிலிருந்து தன் டப்பாவை இழுத்துத் திறந்து விரலால் கிளறினார். கிளறிக்கொண்டே இருந்தார். அவர் தேடிய சிவப்புப் புள்ளி அதில் ஒன்றுகூட இல்லை.

சின்னவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மூத்தார் சின்னவரைப் பார்த்தார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்கிற இரண்டு பேரும் சண்டை போடக்கூட நேரமில்லாமல் நின்றார்கள்.

"ஒவ்வொண்ணையும் சரி பாத்துத்தான் எடுக்கணும்னு நினைச்சேன்" என்றார் மூத்தார், அவளிடம். "அப்புறம் பாத்தா, நீ எழுதினது. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

எதிரி என்று அவள் நினைத்திருந்த மனிதர் அவளை நம்பித் திருடியிருக்கிறார். ஏசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"எவ்வளவு போயிருக்குண்ணே?" என்று கேட்டார் சின்னவர்.

மூத்தார் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். விரலால் உருட்டினார். பெயரும் ஊரும் எண்ணுமாக ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் உருட்டுவதை நிறுத்திவிட்டார், பட்டியல் நிற்கவில்லை.

"உன் தம்பியைக் கூப்பிடும்மா. போன் வெச்சிருக்கிற எல்லாரையும் கூப்பிடு."

தம்பி சாலையைக் கடந்து ஓடி வந்தான். வந்ததும் முதல் வேலையாக மூத்தாரின் பக்கங்களை இறக்கினான். தொள்ளாயிரமும் போனதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பட்டியலைப் பங்கு போட்டார்கள். மூத்தாரும் சின்னவரும் ஒரே பெஞ்சில் தோள் இடிக்க உட்கார்ந்து எண்ணை அழுத்தினார்கள். சமையல் நேரம் இன்னும் முடியவில்லை.

அவள் பங்கில் முதல் எண் எங்கோ தூரத்து ஊர். மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார்கள்.

"ஹலோ" என்றது ஒரு சின்னக் குரல். நாலு வயது இருக்கலாம்.

எடுத்துவிட்டார்கள். "கண்ணு, அம்மா இருக்காங்களா?"

"சமைக்கிறாங்க."

"அவசரமா பேசணும்னு சொல்லி அம்மாவைக் கூப்பிடுறியா?"

"சரி."

டொக் என்று போனை எதன்மேலோ வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தரையில் சின்னப் பாதங்கள் ஓடும் சத்தம், அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே, தூரமாக, இன்னும் தூரமாக. அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வேண்டாம் கண்ணு, அங்க போகாத! திரும்பி வா!"

பக்கத்தில் அண்ணனும் தம்பியும் காதிலிருந்து போனை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் கத்திக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் போனுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.